மூன்றாம் மாடிக் கோட்

விடுதியின் மூன்றாம் மாடிக்கே ஒரே ஒரு கறுப்புக் கோட்தான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒருத்தி போட்டுக்கொண்டு போவாள். வெளியே வந்ததும் வாசலிலேயே கழற்றி அடுத்தவளிடம் கொடுப்பாள். தமயந்தி வாங்கியபோது அதில் ரெஜினாவின் உடம்புச் சூடு இருந்தது. கோட்டின் இடது கையில் பழைய மைக்கறை.

“எல்லாரும் ஒரே கம்பெனிக்குத்தான் போறோம்டி. சொதப்பிடாத,” என்றாள் ரெஜினா.

தமயந்தியின் ஊர் ஏரியை மண் கொட்டி மூடிய கம்பெனி அது. வேலை வேண்டாம் என்று சொல்லத்தான் உள்ளே போனாள்.

“எப்ப சேருவீங்க?”

“பரீட்சை முடிஞ்ச மறுநாளே, சார்.” வாய் அவளுடையது. குரல் ரெஜினாவுடையது.

வெளியே வந்து பொத்தானைக் கழற்றியபடி, அடுத்து யார் என்று நிமிர்ந்தாள். வராந்தாவில் எல்லோருமே கறுப்புக் கோட் போட்டு நின்றார்கள். எல்லா இடது கைகளிலும் அதே மைக்கறை.

“அது உன்னோடதுடி,” என்றாள் ரெஜினா. “எதுக்குக் கழட்டுற?”