கூரையை இறக்க இரண்டு பேர்

எங்கள் கேம்பிங் டிரெய்லரின் கூரையை உயர்த்தினால் நாலு பக்கமும் துணிச்சுவர் எழும்பும். இறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று துணியை இழுத்துக்கொள்ள வேண்டும். அது என் மனைவி அப்சானாவின் வேலை. வெளியே நின்று அதிகாரம் செய்வது என் வேலை.

கல்வராயன் மலையில் தங்கிய மறுநாள் காலை, கூரையை இறக்கியபடி "உள்ள இழு" என்றேன். துணி சுருக்கமில்லாமல் உள்ளே போனது. பதினோரு வருஷத்தில் அவள் என் பேச்சை ஒரே தடவையில் கேட்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கொக்கிகளை மாட்டிவிட்டு, அவள் வெளியே வரக் காத்திருந்தேன்.

டிரெய்லரை இழுக்கும் ஜீப்பின் ஹாரன் அடித்தது. முன்சீட்டில் அப்சானா.

"யாருக்குங்க நின்னுகினு இருக்கீங்க?"

"துணிய இழுத்தியே?"

"நான் உள்ளயே போவல. இடுப்பு வலின்னு சொன்னேன்ல."

எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. கதவைப் பூட்டி, வண்டியை எடுத்தேன். அடிவாரம் வந்துவிட்டது.

"வூட்டுல போயி தொறந்துக்கலாம்" என்றேன்.

"வூட்டுலயா? புள்ளைங்க இருக்குதுங்க."

ஓரங்கட்டினேன். யாராக இருந்தாலும் மூச்சு முட்டுமே என்றும் இருந்தது. ஒரு கொக்கியைக் கழற்றினேன். இடுக்கில் துணி ஒரு சாண் பிதுங்கியது.

பழக்கதோஷத்தில், "உள்ள இழு" என்றேன்.

சுருக்கமில்லாமல் போனது.