எது கீதன் எழுதியது?

இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கவே முடியாது என்று பேராசிரியர் சச்சிதானந்தன் ஆங்கிலத்தில் அடித்துச் சொல்லிவிட்டார். மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன.

ஒன்று கீதன் கொடுத்த கட்டுரை. ஒரு காற்புள்ளி பிசகாத, கோட்டுப் போட்டு டை கட்டிய ஆங்கிலம். மற்றது வகுப்புப் பிள்ளைகள் ஃபோனில் அரட்டையடிக்கிற சாட்டில் அவன் பெயரில் வந்தது. ‘யோ ப்ரோ’ என்று தொடங்கி, முற்றுப்புள்ளி என்ற சாமானே இல்லாமல், இரண்டு மண்டையோட்டுப் படத்தோடு முடிந்திருந்தது.

கட்டுரையை ஏ.ஐ. எழுதியது என்று தீர்த்தால் பாடத்தில் பூச்சியம். ஸ்டடி பெர்மிட்டில் படிக்க வந்த பிள்ளைக்கு அதோடு கனடாவும் போச்சு.

பாவம், அந்தக் கட்டுரைக்கு மூன்று கிழமை உயிரை விட்டவன் அவன். அஜின்கோர்ட்டில் மாமா வீட்டுப் பேஸ்மென்டில் எழுத இருந்தால், ஃபோனைப் பேபி மாமியின் கையில் கொடுத்துவிடுவான். பத்து வருடமாகக் கோப்பிக் கடையில் இளசுகளோடு நின்று மாரடிக்கிற மாமி, அதை வாங்கிக்கொண்டு கதிரையில் சாய்ந்துவிடுவார்.

துணைக்கு வந்திருந்த வகுப்புச் சினேகிதன் ஜூலியன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? கீதன் நேரில்தான் கூச்சக்காரன், சாட்டில் அவனைப்போலப் பகிடிக்காரன் வகுப்பிலேயே கிடையாது, அதைப் பார்த்துத்தான் தான் சினேகிதமே பிடித்தது என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டான். நல்லது செய்கிறேன் என்று நினைத்து நாசமறுத்தான்.

கீதன் வாயைத் திறந்தால் இந்த ஊரில் கிடைத்த ஒரேயொரு சினேகிதன் போவான். திறக்காவிட்டால் படிப்பே போகும். என்னதான் செய்வான்?

அவன் முகத்தைப் பார்க்கப் பேராசிரியருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. தமிழுக்கு மாறினார்.

“பயப்பிடாமல் சொல்லும். ஆர் உமக்கு எழுதித் தாறது?”

தமிழ் தெரியாத ஜூலியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். கீதன் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான்.

“கட்டுரை நான் எழுதினது, சேர். சாட்டிலைதான் என்ர மாமி எழுதிறவ.”