நூற்றிருபது வோல்ட்

"ஒரு நொடி எரிஞ்சது" என்றாள்.

வெள்ளையாக, கண் கூசும்படி எரிந்ததாம். அப்புறம் டப்பென்று ஒரு சத்தம்.

விளக்கை அவருடைய மைக்செட் கடை மேஜைமேல் வைத்தாள். பல்பின் உட்பக்கம் கருத்திருந்தது.

அவர் எழுந்து நின்றார். மகன் இறந்த இந்த நாற்பது நாளில் மனைவி கடைப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. அவர் வீட்டுப் படி ஏறுவதும் குறைந்துபோயிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து படுக்கை கடையில்தான், ஒலிபெருக்கிகளுக்கு நடுவில். வேலை கிடக்கு என்று சொல்லியிருந்தார்.

ஒரு வேலையும் கிடக்கவில்லை.

"நான் அணைச்சிட்டேன்" என்றாள்.

அந்தச் சொல் அவரைச் சுட்டது. விளக்கை அணைத்தேன் என்று அவள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. அது அபசகுனம், அமத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். டியூப் லைட்டுக்கும் அதே சட்டம். மகன் கதிரேசன் சின்ன வயதில் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி, அவளிடம் வாயிலேயே அடி வாங்கியிருக்கிறான்.

இது கதிரேசனின் மேஜை விளக்கு. அமெரிக்காவில் அவனோடு அறையில் இருந்தவன் நேற்று பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். நாலு சட்டை, ஒரு ஷேவிங் மிஷின், இந்த விளக்கு.

தினமும் காலை ஆறு மணிக்கு அவன் போனில் வருவான். அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி. முகத்துக்குப் பின்னால் இந்த மஞ்சள் வெளிச்சம் இருக்கும். சில நாள் வெளிச்சம் மட்டும் தெரியும். தண்ணீர் குடிக்கப் போயிருப்பான். அவள் விளக்கைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள்.

இன்று ஆறு மணிக்கு அதை எரியவைக்கப் பார்த்திருக்கிறாள்.

கைப்பையிலிருந்து அடாப்டரை எடுத்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற அடாப்டர். சித்திரையில் அம்மாவும் அப்பாவும் வரும்போது வேண்டியிருக்கும் என்று அவனே வாங்கி அனுப்பியது. சித்திரை இன்னும் வரவில்லை. பாஸ்போர்ட்டுகள் பீரோவில் இருக்கின்றன.

அடாப்டர் வந்த அன்றைக்கு அவள் மிக்சியையும் கொண்டுபோகலாம் என்றாள். அவர்தான் தடுத்தார். இது பின்னைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது, அங்கே பாதிக் கரண்டுதான், உன் மிக்சி நொண்டி மாடு மாதிரி சுற்றும் என்று சொல்லிச் சிரித்தார்.

போகிற வழிக்கு மட்டும் சொன்னார்.

வருகிற வழிக்குச் சொல்லவில்லை. அங்கேயிருந்து வருகிற சாமானுக்கு இங்கே கரண்ட் இரட்டிப்பு, அது தாங்காது என்று சொல்லவே இல்லை. அப்படியொரு சாமான் வீட்டுக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்.

தப்பு தன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்குப் பதில் கருகிய பல்பைக் கழற்றினார்.

விளக்கோடு அவள் கொண்டுவந்த அட்டை டப்பாவில் இன்னொரு பல்பு இருந்தது. அவன் வாங்கி வைத்தது. நூற்றிருபது வோல்ட் என்று அதன் தலையில் எழுதியிருந்தது.

இனி அது ஒன்றுதான்.

உள்ளூர்ப் பல்பைத் திருகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் எரிவது அவன் வெளிச்சமாக இருக்காது. மதுரையில் கரண்டைக் குறைக்கிற கன்வர்ட்டர் கிடைக்கும், இரண்டு நாள் பொறு என்று சொல்லிப் பார்த்தார். அவள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் கொடை விழாவுக்கும் சீரியல் செட் விளக்குச் சரம் கட்டுகிறவர் அவர். ஆறு வோல்ட் பல்பைத் தனியாக மாட்டினால் கருகிப்போகும். நாற்பதை ஒரே வயரில் கோத்துவிட்டால் ஆளுக்குக் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்ளும். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. இந்த நாற்பது நாளில் அது அவருக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை, இப்போது வந்தது.

பரணில் பழைய குண்டு பல்பு ஒன்று கிடந்தது, நூறு வாட். அதையும் ஒரு ஹோல்டரையும் கொஞ்சம் வயரையும் எடுத்துக்கொண்டு கடையைச் சாத்தினார். விளக்கை அவள் தூக்கிக்கொண்டாள்.

முன்னறையில், மகன் படத்துக்குப் பக்கத்தில் அவன் விளக்கை வைத்து, மிச்சமிருந்த பல்பைத் திருகினார். அதிலிருந்து வயர் சுவரோரமாகப் போய், அவள் தனியாகப் படுக்கிற அறையில் குண்டு பல்பில் முடிந்தது. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

சுவிட்சில் கை வைத்தார். இதுவும் கருகினால் அவள் முகத்தை அவரால் பார்க்க முடியாது.

போட்டார்.

இரண்டும் எரிந்தன. இரண்டுமே கொஞ்சம் மங்கல்தான். அந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

அவள் முன்னறையையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள எதுக்குங்க ஒண்ணு?"

"ஒத்தையா தாங்காது."

ஒன்று போனால் இரண்டும் போய்விடும் என்பதையும் சொன்னார். இந்தத் தடவை எதையும் பாதியில் விடவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளறையில், குண்டு பல்புக்குக் கீழே விரித்தார். அவள் தலையணையைக் கொண்டுவந்து போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் விளக்கின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஆறரைக்கு, அவன் போனை வைக்கிற நேரத்துக்கு, அவள் எழுந்து சுவிட்சுப் பக்கம் போனாள். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அமத்தட்டுமா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டு விளக்கும் சேர்ந்தே அமர்ந்தன.