மஞ்சள் வட்டம்

"வெள்ளையா, மஞ்சளாம்மா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

"வெள்ளை," என்றாள் அம்மா. கூடத்தில் தொங்கிய மஞ்சள் பல்பைக் காட்டி, "அழுது வடியுது" என்று அப்பாவிடம் காலமெல்லாம் சண்டை போட்டவள். அப்பாவோ எழுந்து போகும்போது அதையும் அணைத்துவிடுவார். "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்!" என்று அம்மா கத்துவாள். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி போடுவார்.

அவர் இறந்த பிறகு அந்தப் பல்பைக் கழற்றி, ஒயரை வெட்டிவிட்டு, பழைய கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்தோம். இன்று விளக்குகளைப் பதிக்க எலக்ட்ரீஷியன் முதல் துளையை அறுத்தார். வட்டமாகப் பலகைத் துண்டு விழுந்தது. கூடவே மஞ்சள் வெளிச்சமும் விழுந்தது, அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில். நாற்காலியைப் போன வாரம்தான் பழைய சாமான் கடையில் போட்டிருந்தோம்.

எலக்ட்ரீஷியன் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். "மேல பல்பே இல்லையேம்மா. மெயினையும் நான்தான் அணைச்சு வச்சிருக்கேன்."

அம்மா வெளிச்சத்துக்குள் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாள்.

மேலே சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளிச்சம் அணைந்தது.

அம்மா அண்ணாந்தே நின்றாள். "நான் இன்னும் இங்கதான் இருக்கேன்," என்றாள், கத்தாமல்.