முப்பத்து நாலு மணி நேரம்

"போய்ச் சேர இருக்கிறதுலேயே ரொம்ப நேரம் பிடிக்கிற விமானமா ஒண்ணு பாருங்கம்மா."

டிக்கெட் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏழு வருடமாகிறது. இப்படிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. எதிரே நகரப் பேருந்து ஓட்டுநர். மதிய இடைவேளையில் சீருடையோடு ஓடி வந்திருந்தார்.

"சார், உங்க மக இருக்கிற ஊர் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். நேரா போனா பதினஞ்சு மணி நேரம்."

"அது வேண்டாம்மா. அங்கங்க நின்னு போறது?"

"ரெண்டு இடத்துல மாறணும். முப்பத்து நாலு மணி நேரம். சொல்றதுக்கே எனக்கு வாய் கூசுது."

"அதேதான்!" ஓட்டுநர் முகமெல்லாம் பல்லானார். "எனக்கும் வீட்டுக்காரிக்கும். பக்கத்துப் பக்கத்து சீட்டு."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ரெண்டும் ஒரே விலைதான் சார். ஏன், மருமகன் அவ்வளவு கறாரா?"

"சேச்சே, தங்கமான பிள்ளை." ஓட்டுநர் சிரித்தார். "வீட்டுக்காரி ராத்திரி ட்யூட்டி நர்ஸ். அவ உள்ள வர்றப்போ நான் கிளம்பணும். நான் வர்றப்போ அவ கிளம்பணும். இருபத்தாறு வருஷமா எங்க குடித்தனம் மாடிப்படியிலதான் நடக்குது. சாவியைக் கைமாத்திட்டு, 'சாப்பாடு மேசைமேல இருக்கு'ம்போம். அவ்வளவுதான் பேச்சு."

"லீவு நாள்ல?"

"யாராவது ஒருத்தர் தூங்கிட்டிருப்போம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. இந்த மனிதருக்கு எப்படியாவது இடம் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று மளமளவென்று தட்டினாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"அடடா, நீங்க சொன்ன தேதியில கடைசி ரெண்டு சீட்டும் இன்னைக்குக் காலைலதான் போயிருக்கு."

"வேற தேதி?"

"மறுவாரம் இருக்கு."

"எனக்கு லீவே அந்த வாரம்தாம்மா." ஓட்டுநரின் முகம் தொங்கிப்போனது.

"நேர் விமானத்துல எவ்வளவோ காலியா இருக்கு சார். பதினஞ்சு மணி நேரமாவது கிடைக்குமே?"

"அதுல பாதி அவ தூங்கியே தீர்த்துடுவாளே!"

"சரி, காத்திருப்புப் பட்டியல்ல போட்டு வைக்கிறேன். யாராவது ரத்து பண்ணினா உங்களுக்குத்தான்" என்று பாஸ்போர்ட் நகல்களை வாங்கிப் பெயர்களைத் தட்டினாள். கணினி ஏற்கவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடியும் அதே கதை.

திரையை உற்றுப் பார்த்தவள், அதை ஓட்டுநர் பக்கம் திருப்பினாள். காலையில் போன அந்த இரண்டு இருக்கைகளுக்கு நேராக அவர் பெயரும் அவர் மனைவி பெயரும் இருந்தன.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "ஓ, அந்த நர்ஸம்மாவா? நேரா போற விமானம் இருக்குன்னு சொன்னதுக்கு, என்கூட சண்டைக்கே வந்துட்டாங்க!"