ஆர்னல் பணியில் இருக்கிறான்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் இருந்த ராணுவ முகாமின் அலுவலகத்துக்கு ரொசெண்டா மூன்றாவது தடவையாக வந்திருந்தாள்.

"மறுபடியுமா அம்மா?" சார்ஜென்ட் பெர்மின் சலித்துக்கொண்டான். "உங்க பையன் ஆர்னல் நல்லாத்தான் இருக்கான். பதிவேட்டைப் பாருங்க. மலைப் பக்கம் காவல்ல இருக்கான். போன மாசச் சம்பளத்துக்குக் கையெழுத்துக்கூடப் போட்டிருக்கான்."

"அவன் கையெழுத்தேதானா?"

"பின்னே என்னோடதா? பெத்தவளுக்கு ஒரு போன் பண்ணாத பையனுக்கு நாங்க என்ன செய்யறது?"

"அப்போ அவனைக் கூப்பிடுங்க. நான் பார்க்கணும்."

"நினைச்ச நேரத்துல கூப்பிட முடியாதும்மா. கர்னல் உத்தரவு வேணும்."

ரொசெண்டா பையிலிருந்து மடித்த தேசியக் கொடியை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதைப் போர்த்தித்தான் என் புள்ளையைப் பெட்டியில அனுப்பினீங்க. பென்ஷன் கேட்டா, ஆள் உயிரோட இருக்கான்னு பதில் வருது. செத்தவன் பேர்ல சம்பளம் தின்னுறது யாருடா?"

பெர்மின் அவசரமாகப் பதிவேட்டை மூடப் போனான். அவள் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற இளம்பெண் முன்னால் வந்தாள்.

"மூட விடாதீங்க அக்கா. என் புருசன் பேரும் அதுல இருக்கான்னு பாருங்க. அவரைப் புதைச்சு ஒரு வருசமாச்சு."