பிந்தி வந்த ஆமென்

மினசோட்டாவின் இந்த லுத்தரன் தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே யாரும் வாய் திறப்பதில்லை. சன்னல் வழியே பனியின் வெளிச்சம் வெள்ளைக்காரர்களின் நரைத்த தலைகள்மேல் படிகிறது. பெற்றோரின் மணவிலக்குக்குப் பிறகு கெசையாவுக்கு ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு எல்லோரும் உரக்கப் பதில் கொடுக்கும் அம்மாவின் கறுப்பர் சபை, மறு ஞாயிறு அப்பா ஆர்விட்டின் இந்த மௌனம். “உடைந்த வீட்டிலும் தேவன் குடியிருக்கிறார்” என்கிறார் போதகர். “ஆமென்! சொல்லுங்க ஐயா!” அம்மாவின் சபையில் எழும்புவதுபோலவே கெசையாவின் குரல் எழும்பிவிடுகிறது. தலைகள் திரும்புகின்றன. முகம் சுட, மடியிலிருக்கும் கையுறையைத் திருகுகிறாள். “இனிமே எந்த சர்ச்சுக்கும் நான் வரலப்பா.” அம்மாவின் சபையில் வருடக்கணக்காகக் கல்லாய் உட்கார்ந்து, “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அம்மாவிடம் திட்டு வாங்கிய அப்பா, தொண்டையைச் செருமுகிறார். “ஆமென்!” பிசிறிய குரல் கூரைவரை போகிறது. கெசையா அவர் தோளோடு ஒட்டிக்கொள்கிறாள். “லேட்டாச் சொல்றீங்கப்பா. அடுத்த வாட்டி சேர்ந்து சொல்லலாம்.”